பள்ளத்து நீர் தெளியக் கைகொடுத்தவர்களுக்கு

அன்புடையீர், வணக்கம்.

பேரூருக்கு மேற்கே, நொய்யல் ஆற்றில் போய்ச் சேரும் ஓர் ஓடைப் பள்ளத்தின் கரையில் இருக்கிறது எங்கள் குடியிருப்பு. கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையமும் உண்டு. உண்டு என்றால் தொட்டி இருந்தது, மோட்டார் இருந்தது, சுத்திகரிப்புதான் இல்லை. கட்டிக்கொடுத்தவர்கள் சாவியை ஒப்படைத்ததோடு சரி. மூன்று ஆண்டுகளாக உள்ளே போன சாக்கடை அப்படியே பள்ளத்தில் இறங்கியது. ஒரத்துப்பாளையம் அணையில் சாயக்கழிவு தேங்கிய கதையைப் பேசிப் பேசித் திருப்பூர்ப் பட்டறைகளைத் திட்டிய நாங்கள், அதே நொய்யலுக்கு எங்கள் வீட்டுக் கழிவை அனுப்பிக்கொண்டிருந்தோம்.

இந்த ஆடிப்பெருக்குக்குத்தான் மூக்கைப் பொத்தாமல் பள்ளத்தங்கரையில் நின்றோம். அதற்குக் காரணமானவர்கள் பெயர் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். ஆளை மட்டும் சொல்கிறேன்.

முதல் நன்றி, பள்ளத்தை ஒட்டித் தென்னந்தோப்பு வைத்திருக்கும் பெரியவருக்கு. ஒரு நாள் காலையில் சங்க அலுவலகத்துக்கு வந்தவர் சண்டை போடவில்லை. தன் கிணற்றுத் தண்ணீரை ஒரு சொம்பில் கொண்டுவந்து மேசைமேல் வைத்து, "குடித்துப் பாருங்கள்" என்றார். செயலாளரான நான் சொம்பைத் தொடவில்லை. அவரும் திருப்பி எடுத்துக்கொள்ளவில்லை. புரட்டாசியில் தொட்டியை உயிர்ப்பிக்கச் சாணம் தேவைப்பட்டபோது, கேட்காமலே இரண்டு வண்டி அனுப்பியவரும் அவர்தான்.

ஆபரேட்டர் தம்பிக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. "உள்ளே இருப்பவை உயிர்கள் ஐயா, காற்றும் தீனியும் வேளைக்குப் போக வேண்டும்" என்பார். கழிவைத் தின்று நீரைத் தெளிய வைக்கும் நுண்ணுயிர்களைத்தான் அப்படிச் சொல்கிறார். சாணத்தைக் கரைத்து ஊற்றினார். நன்றாக ஓடும் வேறொரு நிலையத்திலிருந்து சேற்றை லாரியில் வரவழைத்துக் கலந்தார். பிறகு தினமும் ஒரு லிட்டர் கண்ணாடி ஜாடியில் தொட்டி நீரை மொண்டு, அரை மணி நேரம் ஆடாமல் வைத்துப் பார்ப்பார். முதல் வாரங்களில் கலங்கல் கலங்கலாகவே நின்றது. ஒரு நாள் பழுப்புச் சேறு ஜாடியின் மூன்றில் ஒரு பங்குக்கு இறங்கிப் படிய, மேலே நீர் தெளிந்து நின்றது. ஜாடியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கே ஓடி வந்தார்.

ஐப்பசி மழையில் இரவு மின்சாரம் போய், தொட்டிக்குள் காற்றை ஊதும் புளோயர் நின்றது. காற்று இல்லாவிட்டால் சில மணி நேரத்தில் அழுகல் நாற்றம் கிளம்பிவிடும். வாடகை வாங்காமல் ஜெனரேட்டரை இறக்கிய பந்தல்காரருக்கு நன்றி. பம்பு அடைத்தபோது, "ஆள் இறங்கி எடுத்தால் என்ன?" என்று ஒருவர் கேட்டார் (நான்தான்). கழிவுத் தொட்டிக்குள் ஆளை இறக்கிச் சுத்தம் செய்வதைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டத்தைச் சொல்லி மறுத்து, முக்காலி நட்டுச் சங்கிலியில் பம்பைத் தூக்கிய மெக்கானிக்குக்கு நன்றியோடு ஒரு மன்னிப்பும்.

பம்பின் வாயில் இருந்தவை நாப்கின், தலைமுடி, கட்டியாகிப்போன எண்ணெய். ஆசிடும் பிளீச்சிங் பவுடரும் நுண்ணுயிர்களைக் கொல்லும் என்று நான் கூட்டத்தில் பேசிய அரை மணி நேரத்தை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. குடியிருப்புப் பெண்கள் வீடு வீடாகப் போய்ப் பத்தே நாளில் சாதித்தார்கள். பொரித்த எண்ணெய் இப்போது பாட்டிலில் சேர்கிறது.

கட்டணமின்றிச் சோதித்துத் தந்த கல்லூரி ஆய்வகத்தாருக்கும் நன்றி. நீரை 27 டிகிரியில் மூன்று நாள் வைத்து, மிச்சக் கழிவைத் தின்ன நுண்ணுயிர்கள் எவ்வளவு ஆக்சிஜன் எடுக்கின்றன என்று பார்க்கும் சோதனையில் (பி.ஓ.டி.), லிட்டருக்கு 30 மில்லிகிராம் என்ற எல்லைக்குள் வந்துவிட்டோம்.

சென்ற வாரம் சொம்பைத் துலக்கி எடுத்துக்கொண்டு தோப்புக்குப் போனேன். பெரியவர் வாங்கிக்கொள்ளவில்லை. கிணறு தெளிய இன்னும் இரண்டு மழையாவது வேண்டுமாம். "அதுவரை உங்கள் மேசையிலேயே இருக்கட்டும்" என்றார். இருக்கிறது.

நன்றியுடன்,
செயலாளர், குடியிருப்போர் சங்கம்