பழைய வரைபடச் சேகரிப்பாளர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள் ஒன்று தவிர மற்றவை தடையில்லாமல் நடந்தன. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார். அதற்குள் நான் போகவில்லை.

இந்த ஆண்டு நாம் அதிகம் பேசியது வரைபடங்களின் பின்பக்கத்தைப் பற்றித்தான். உறுப்பினர் ஒருவர் தன்னிடமிருந்த, பதினாறாம் நூற்றாண்டு வரைபடக் கலைஞர் ஆர்டீலியஸின் தாளை ஒரு கூட்டத்துக்குக் கொண்டுவந்திருந்தார். 1570இல் ஆண்ட்வெர்ப்பில் முதன்முதலில் வெளிவந்த அவருடைய அட்லஸின் பிற்பதிப்பு ஒன்றைச் சேர்ந்த தாள். கப்பல்களையும் கடல் விலங்குகளையும் எல்லோரும் ரசித்து முடித்த பிறகு அவர் அதைத் திருப்பிப் போட்டார். அப்புறம் ஒரு மணி நேரம் யாரும் எழுந்திருக்கவில்லை. அந்த அட்லஸ் பல மொழிகளில், பல பதிப்புகளாக வந்தது. முன்பக்கப் படம் ஒரே செப்புத்தகட்டில் அச்சானதாக இருக்கலாம். பின்பக்கத்து விளக்க உரை பதிப்புக்குப் பதிப்பு மாறும். மொழி எது, பக்க எண் என்ன, வரி எங்கே முறிகிறது என்று பார்த்தே பதிப்பைக் கண்டுபிடிக்கலாம். முன்னால் பூசிய பச்சை பின்னால் பழுப்பாக ஊறியிருந்ததையும் பார்த்தோம். அந்தக் காலத்துப் பச்சையில் செம்பு உண்டு, அது மெல்ல மெல்லத் தாளை அரிக்கும். அந்தக் காலத்திலேயே கையால் பூசிய வண்ணம் என்பதற்கு அது நல்ல அடையாளம். தாளுக்கு அதுவே ஆபத்து.

இந்தப் பாடத்தை நாம் கொஞ்சம் முன்னாலேயே படித்திருக்க வேண்டும். சங்கத்துக்காக ஒரு வரைபடம் வாங்கினோம்: கலிஃபோர்னியாவைத் தீவாகக் காட்டும் பதினேழாம் நூற்றாண்டுத் தாள் என்று சொல்லி விற்றார்கள். அந்தத் தவறு எவ்வளவு ஆழமாக ஊறிப்போயிருந்தது என்றால், கலிஃபோர்னியா தீவு இல்லை என்று ஸ்பெயின் மன்னர் 1747இல் ஆணை போட வேண்டியிருந்தது. அதனால் நம் எல்லோருக்கும் அந்தப் படத்தின் மேல் ஆசை. வந்த தாளை லென்ஸில் பார்த்தால், வண்ணம் முழுவதும் வரிசை வரிசையாகப் புள்ளிகள். ஓரத்தில் விரலை ஓட்டினால், செப்புத்தகட்டில் அச்சான தாளில் இருக்க வேண்டிய, தகடு அழுந்திய பள்ளமும் இல்லை. நவீன அச்சு நகல். பணம் திரும்பி வர இரண்டு மாதம் ஆனது. வாங்கலாம் என்று பரிந்துரைத்தவன் நான், பொறுப்பும் என்னுடையதே. இனிமேல் பின்பக்கத்தின் படமும், வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து எடுத்த படமும் வராமல் சங்கம் எதையும் வாங்காது.

சித்திர வரைபடங்கள் சேகரிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: தகட்டுப் பள்ளம் இல்லை என்று அவற்றை ஒதுக்கிவிட வேண்டாம். ரஷ்யாவை ஆக்டோபஸாக வரைந்த ஃபிரெட் ரோஸின் 1877ஆம் ஆண்டுப் படமும், லண்டன் சுரங்க ரயிலுக்காக மெக்டொனால்ட் கில் 1914இல் வரைந்த படமும் கல்லச்சில், அதாவது செப்புத்தகடு இல்லாமல் கல்லில் வரைந்து அச்சிடும் முறையில், வந்தவை. அவற்றில் தேட வேண்டியது கல்லச்சுக்கே உரிய ஒழுங்கில்லாத, மணல் தூவியது போன்ற புள்ளிகளை. கில்லின் படத்தைப் பற்றிய அமர்வுக்குத்தான் இந்த ஆண்டு அதிகக் கூட்டம். தெருவில் நிற்கும் குட்டி மனிதர்கள் பேசுவதை ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டே இருந்தோம். அடுத்த ஆண்டு இப்படிப்பட்ட அமர்வுகள் கூடுதலாக வேண்டும் என்பது என் ஆசை.

நீண்ட விவாதத்துக்குப் பிறகு நிறைவேறிய தீர்மானம் ஒன்று: முழுதாக இருக்கும் அட்லஸை அண்மையில் பிரித்து விற்கும் தாள்களை சங்கம் வாங்காது. பிரிக்காமல் விட்டால் நம்மைப் போன்றவர்கள் ஒரு தாளைக்கூட வாங்க முடியாது என்று சிலர் சொன்னார்கள். அதில் நியாயம் இருக்கிறது. ஆனாலும் நானூறு ஆண்டு ஒன்றாக இருந்ததைக் கத்தி வைத்துப் பிரிப்பதற்கு நம் பணம் போகக்கூடாது என்றே நான் வாக்களித்தேன்.

பராமரிப்பு பற்றி ஒன்றே ஒன்று. செலோடேப் வேண்டாம், தயவுசெய்து. கிழிசலுக்குக் கோதுமை ஸ்டார்ச் பசையும் ஜப்பானியத் தாளும் போதும். இரண்டும் சங்க அலமாரியில் இருக்கின்றன, கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.

சேகரிப்பைக் கணக்கெடுத்து, ஒவ்வொரு தாளுக்கும் அது வந்த வழியைக் குறித்துவைத்த நண்பர்களுக்கு நன்றி. இன்னும் இரண்டு இழுப்பறைகள் பாக்கி. இவ்வறிக்கையைப் பேரவை ஏற்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்