பங்குனியில் வா, தாயி

அன்புள்ள கயலுக்கு,

அப்பா எழுதுகிறேன். இத்தனை வருஷம் அடுத்தவர் ஆவணப்படங்களுக்குக் கேமரா பிடித்தவள், இனி நானே இயக்கப் போகிறேன் என்று சொன்னதில் எங்களுக்கு ரொம்பச் சந்தோஷம். அம்மா அன்றைக்கே தெருவெல்லாம் சொல்லிவிட்டாள். அதுவும் நம் மல்லிகையை எடுக்கப் போகிறாய். போனில் பேசினால் பாதி விட்டுப்போகும் என்றுதான் இந்தக் கடிதம்.

தை மாதம் வருவதாகச் சொன்னாய். வேண்டாம். மார்கழி, தைப் பனியில் பூ குறைந்து கிலோ ஆயிரக்கணக்கில் ஏறும். மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்கு டிவிக்காரர்கள் வருவதும் அப்போதுதான். பார்க்கிறவர்கள் பூ விவசாயி லட்சாதிபதி ஆகிவிட்டான் என்று நினைப்பார்கள். அந்த நாளில் நம் செடியில் கைப்பிடிப் பூ தேறாது. கவாத்து வெட்டிவிட்டுத் துளிருக்குக் காத்திருப்போம்.

பங்குனி, சித்திரையில் வா. செடி கொள்ளாமல் மொட்டு பிடிக்கும், ரேட் விழும். பறிகூலி, உரம், மொட்டுப்புழு மருந்து, வண்டி வாடகை எல்லாம் போக என்ன மிஞ்சுகிறது என்று அப்போது பார். விற்காத பூ நிலக்கோட்டைப் பக்கத்து சென்ட் கம்பெனிகளுக்கு அவர்கள் சொன்ன விலைக்குப் போகும். 2013இல் மதுரை மல்லிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது, எனக்கும் பெருமைதான். ஆனால் நம் வயலில் பறிக்கிற பெண்களின் கூலி அதனால் ஏறியதாக நான் பார்க்கவில்லை.

வெளிச்சத்தைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. விடியுமுன் நெற்றியில் லைட் கட்டிக்கொண்டு அவர்கள் பறிப்பதை உன்னைப் போல யாரும் எடுக்க முடியாது. அந்த அழகிலேயே நின்றுவிடாதே, அவ்வளவுதான். கமிஷன் கடையில் முன்பணம் வாங்கியவர் அந்தக் கடைக்குத்தான் பூ போட வேண்டும். பக்கத்துக் கடையில் ரேட் கூட இருந்தாலும் போக முடியாது. இதெல்லாம் உட்கார்ந்து பேசினால்தான் வரும். இதுவரை அந்தக் கேள்விகளை டைரக்டர் கேட்டார், நீ லென்ஸைப் பார்த்துக்கொண்டாய். இனி இரண்டும் உன் வேலை.

நீ சொன்ன அந்த அமெரிக்க கேமராக்காரர் கிர்ஸ்டன் ஜான்சனை அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். மற்றவர்கள் படங்களுக்காகப் பல நாடுகளில் எடுத்த காட்சிகளைக் கோத்து 2016இல் ‘கேமராபெர்சன்’ என்று தன் படத்தைச் செய்தார். அப்புறம் 2020இல், மறதி நோய் வந்த தன் அப்பாவையே விதவிதமாகச் சாகிற மாதிரி நடிக்கவைத்து அடுத்த படம். அந்த அப்பா ஒத்துக்கொண்டாரே, அதுதான் எனக்குப் பிடித்தது. நானும் தயார். கடன் நோட்டைக்கூடக் காட்டுகிறேன்.

ஆனால் பறிக்க வருகிறவர்களிடம் நான் சொல்லி ஏற்பாடு செய்ய மாட்டேன். நிலத்துக்காரன் கேட்டால் அவர்களால் முடியாது என்று சொல்ல முடியாது. நான் இல்லாத நேரமாகப் பார்த்து நீயே கேள். வேண்டாம் என்றால் கேமராவை இறக்கிவிடு.

வயலில் நீயே கேமரா பிடி, அங்கே உன்னைச் சின்ன வயதிலிருந்தே தெரியும். மார்க்கெட்டில் வேறு யாரிடமாவது கொடுத்துவிட்டுக் கடைக்காரர்களிடம் பேச்சுக் கொடு. படம் முடிந்ததும் முதலில் இங்கேதான் போட வேண்டும், டெல்லி, மும்பை எல்லாம் அப்புறம். ஸ்கூல் மைதானத்தில் திரை கட்ட நான் கேட்டு வைக்கிறேன்.

சவுண்டுக்கு வரும் பெண் நம் வீட்டிலேயே தங்கலாம். மாடி அறையில் ஃபேன் ஓடவில்லை, சரி செய்து வைக்கிறேன். டிக்கெட் போட்டதும் சொல்.

அன்புடன்,
அப்பா
திருமங்கலம்