பிள்ளையின் சிறுநீரகத்தைக் கேட்குமுன்

ஆசிரியர் அவர்களுக்கு,

மூளைச்சாவு அடைந்த ஒரு பிள்ளையின் உறுப்புகளைத் தானமாகத் தருவீர்களா என்று பெற்றோரிடம் கேட்பது தவறென்று நான் எழுதவில்லை. 26 வருடங்கள் தாதியாக வேலை செய்தவள் என்ற வகையில், ஒரு சின்னப் பிள்ளையின் நெஞ்சுக்கூட்டுக்குள் பெரியவரின் இதயம் அடங்காது, இன்னொரு பிள்ளையின் இதயமே பொருந்தும் என்பதை அறிவேன். மனித இழையங்களை மாற்றிப் பொருத்துவது பற்றிய 48 ஆம் இலக்கச் சட்டம் இலங்கையில் 1987 இலேயே வந்துவிட்டது. ஆனால் அந்தக் கேள்வியை எப்போது, யார், எந்த மொழியில் கேட்பது என்பதைப் பற்றி எமது கிழக்கில் எவரும் வாய்திறப்பதாகத் தெரியவில்லை.

மூன்று வருடங்களுக்கு முன், என் தங்கையின் ஏழு வயதுப் பேரன் வீதி விபத்தில் தலையில் அடிபட்டு வெளி மாவட்ட வைத்தியசாலை ஒன்றுக்குக் கொண்டுசெல்லப்பட்டான். நான்காம் நாள் வைத்தியர் சிங்களத்தில் சொன்னதை, வாசலில் நின்ற சிற்றூழியர் ஒருவர் "மூளை வேலை செய்யுதில்லையாம்" என்று தமிழில் சொன்னார். பிள்ளையின் தாயோ அதை, நினைவு தப்பிக் கிடக்கிறான், தெளிந்துவிடுவான் என்றே விளங்கிக்கொண்டாள். அடுத்த வசனமே சிறுநீரகத்தைப் பற்றியது. நான் போய்ச் சேர்ந்தபோது அவள் அவனது உள்ளங்காலைத் தேய்த்தபடி, "கால் சூடாக் கிடக்கு பெரியம்மா, செத்த பிள்ளைக்கு இப்பிடி இருக்குமா?" என்று கேட்டாள்.

மூளை வீங்கி அதற்கு இரத்தம் போவது நின்றுவிட்டால் மூச்சு தானாக வராது என்பதையும், இயந்திரம் மூச்சைக் கொடுத்துக்கொண்டிருக்கும்போது இதயம் தன் பாட்டில் சில காலம் துடிக்கும், அதனால்தான் கால் சூடாக இருக்கிறது என்பதையும் அவளுக்கு ஒருவரும் சொல்லவில்லை. கோமாவில் கிடப்பவர் மீளலாம், மூளைச்சாவு அடைந்தவர் மீள்வதில்லை. அதை உறுதிசெய்யும் கடைசிச் சோதனையில், ஒட்சிசனை மட்டும் கொடுத்து இயந்திர மூச்சை நிறுத்தி, நெஞ்சு ஒரு தடவையாவது எழுகிறதா என்று வைத்தியர்கள் பார்த்திருப்பார்கள். ஒரு மாதத்துக்கு மேற்பட்ட பிள்ளைகளை இரு வேறு வைத்தியர்கள் 12 மணித்தியால இடைவெளியிலும், பிறந்த சிசுக்களை 24 மணித்தியால இடைவெளியிலும் இருமுறை பரிசோதிக்க வேண்டுமென்று 2011 இல் வெளியான அமெரிக்க வழிகாட்டல் கூறியது. இரு சோதனைகளுக்கும் நடுவிலுள்ள அந்த நேரத்தைப் பெற்றோர் விளங்கிக்கொள்வதற்கென்றே ஒதுக்கலாம். அதற்குள் மரணத்தைப் பற்றி மட்டும் பேசி, விரும்பினால் இரண்டாம் சோதனையைப் பக்கத்தில் நின்று பார்க்கவும் விட்டு, அவர்கள் விளங்கிக்கொண்ட பிறகு, உறுப்பு மாற்றுச் சிகிச்சையில் சம்பந்தப்படாத ஒருவர் தானத்தைப் பற்றிக் கேட்கட்டும்.

மதம் விடாது என்பவர்களுக்காகவும் ஒரு சொல். 1986 இல் அம்மானில் கூடிய சர்வதேச இஸ்லாமிய சட்டவியல் பேரவை மூளைச்சாவை மரணமாக ஏற்றது. பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் 2000 ஆகஸ்டில் உறுப்புத் தானத்தை வரவேற்றுப் பேசினார். சைவர்களாகிய நாம் கண்ணப்பரை வணங்குகிறவர்கள். ஆயினும் சின்ன உடலைக் குறையின்றி மண்ணுக்குக் கொடுக்க நினைக்கும் தாயின் மனதை நான் குறைத்துப் பேசமாட்டேன். விபத்து மரணமென்றால் பிரேத பரிசோதனை எப்படியும் நடக்கக்கூடும், தானத்துக்குப் பின்னும் உடலைத் தைத்து உடுப்புப் போட்டுத்தான் தருவார்கள் என்று அவளிடம் பக்குவமாகச் சொன்னால் போதும்.

என் பெறாமகள் தரமாட்டேன் என்றாள். அது அவளது உரிமை. ஆனால் இந்த வருடத் திவசத்தன்று, "அண்டைக்கு ஆறுதலாச் சொல்லியிருந்தா நான் என்ன சொல்லியிருப்பன் பெரியம்மா?" என்று கேட்டாள். என்னிடம் பதில் இருக்கவில்லை.

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களின் பெரிய வைத்தியசாலைகளில் இதைத் தமிழில் விளக்கப் பயிற்சி பெற்ற ஒருவரும், கதவைச் சாத்திக்கொண்டு இருந்து பேச ஓர் அறையும் வேண்டும். பிள்ளையை வெளி மாவட்டத்துக்கு அனுப்பும்போது அந்த உத்தியோகத்தரின் தொலைபேசி இலக்கத்தையும் அனுப்புக் கடிதத்தில் எழுதிவிட்டால், அங்குள்ள வைத்தியர் வாசலில் நிற்பவரைக் கூப்பிடாமல் அவரை அழைத்துப் பேசலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தாதிய உத்தியோகத்தர்,
களுவாஞ்சிகுடி.