யார் கொடுத்த பணம் என்று கேட்கும் முன்

கேரளத்திலிருந்து மக்களவைக்குப் போயிருக்கும் இருபது உறுப்பினர்களுக்கு,

வணக்கம். மூணாறு தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்து வளர்ந்தவன் எழுதுகிறேன். வெளிநாட்டுப் பணம் வாங்கிய கட்சிகளைக் காப்பாற்றிய சட்டத் திருத்தத்தை ரத்து செய்யக் கேட்டுத்தான் இந்தக் கடிதம்.

2015 செப்டம்பரில் கொழுந்து பறிக்கும் பெண்கள் ‘பெம்பிளை ஒருமை’ (பெண்கள் ஒற்றுமை) என்று திரண்டு மூணாறு சாலையில் உட்கார்ந்தார்கள். அப்போது நாள் கூலி 232 ரூபாய். 20 சதவீத போனஸும் 500 ரூபாய் கூலியும் கேட்டார்கள். தொழிற்சங்கத் தலைவர்களைப் பக்கத்திலேயே விடவில்லை. உடனே பேச்சு கிளம்பியது: வெளியிலிருந்து யாரோ தூண்டிவிடுகிறார்கள், தமிழ்த் தீவிரவாதிகள் பின்னால் இருக்கிறார்கள் என்று. தலைமுறை தலைமுறையாக இந்த மலையில் உழைப்பவர்களுக்குக் கூலி கட்டுப்படியாகவில்லை என்பதை வெளியாள் வந்து சொல்லணுமா?

அந்நியப் பணம் நாட்டு அரசியலைக் கெடுக்கும் என்று நானும் நம்புகிறேன். கேரளத்தில் கம்யூனிஸ்டுகளைத் தடுக்க அமெரிக்கா காங்கிரசுக்குப் பணம் கொடுத்ததாக, டெல்லியில் அமெரிக்கத் தூதராக இருந்த மொய்னிஹானே 1978இல் எழுதினார். காங்கிரஸ் மறுத்தது. சோவியத் பணம் பற்றி, சோவியத் உளவுத்துறையிலிருந்து மித்ரோகின் என்பவர் வெளியே கொண்டுவந்த ஆவணங்கள் சொன்னதை இடதுசாரிகளும் மறுத்தார்கள். எது உண்மையோ, அடிபட்டது கட்சிகளின் பெயர்தான்.

வெளிநாட்டு நன்கொடைச் சட்டம் 1976இல் வந்தது. கட்சிகள் அந்தப் பணத்தைத் தொடவே கூடாது என்றது. லண்டன் வேதாந்தாவுக்குச் சொந்தமான ஸ்டெர்லைட், சேசா கோவா நிறுவனங்களிடம் நன்கொடை வாங்கிய காங்கிரசும் பா.ஜ.க.வும் அதை மீறிவிட்டன என்று 2014இல் டெல்லி உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அப்புறம் நடந்ததுதான் அநியாயம். நடவடிக்கைக்குப் பதில் சட்டமே மாறியது. 2016இல் ‘அந்நியர்’ யார் என்ற விளக்கத்தைத் தளர்த்தினார்கள். 2018 மார்ச்சில் அதை 1976 ஆகஸ்ட் 5 வரை பின்தேதியிட்டார்கள். மக்களவையில் விவாதமே இல்லை. இரண்டே மாதத்தில், மே 22 அன்று, அதே ஸ்டெர்லைட்டை எதிர்த்துத் தூத்துக்குடியில் மக்கள் ஊர்வலம் போனார்கள்; அன்றும் மறுநாளும் போலீஸ் துப்பாக்கிச்சூட்டில் 13 பேர் செத்தார்கள். 2023இல் தமிழக ஆளுநர் ஆர்.என். ரவி, அந்தப் போராட்டத்தின் பின்னால் வெளிநாட்டுப் பணம் என்றார்.

சின்னத் தொண்டு அமைப்புக்கு வெளிநாட்டுப் பணம் வந்தால், 2020 திருத்தத்தின்படி டெல்லி ஸ்டேட் வங்கியின் ஒரே கிளையில்தான் கணக்குத் திறக்கணும். சரி, கணக்குக் காட்டட்டும். என் அம்மாவின் சம்பளச் சீட்டில்கூடச் சங்கச் சந்தா தனி வரியாக இருந்தது. கட்சிகளுக்கு மட்டும் நாற்பது வருடக் கணக்கு ஏன் மன்னிப்பு?

உங்களில் ஒருவர் தனிநபர் மசோதா கொண்டுவந்து அந்தப் பின்தேதித் திருத்தத்தை ரத்து செய்யக் கேளுங்கள். மற்றவர்கள் கட்சி பார்க்காமல் ஆதரியுங்கள். அதுவரை, கூலி கேட்டு ரோட்டுக்கு வருகிற பெண்களிடம் யார் கொடுத்த பணம் என்று உங்கள் ஆட்கள் கேட்க வேண்டாம்.

இப்படிக்கு,
மூணாறு தோட்டத் தொழிலாளி ஒருவரின் மகன்