பொலோஞாவில் ஒரு மாலை: அக்காவுக்கு

அன்புள்ள அக்காவுக்கு,

போன வாரம் அம்மாவைக் கோயம்புத்தூருக்கே அழைத்து வந்துவிட்டேன். ஏன், எப்படி என்பதெல்லாம் உனக்குத் தெரிந்தவை. நம் உறவினர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் எழுதக்கூடாதவையும் சில உண்டு. ஆகவே இத்தாலியின் பொலோஞாவில் நாம் சேர்ந்து சுற்றிய அந்த ஒரு மாலையைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

மியூனிக்கிலிருந்து நீயும் மிலானிலிருந்து நானும் வந்து இறங்கிய ரயில் நிலையத்தில், 10.25இல் நின்றிருந்த கடிகாரத்தைப் பார்த்து, “இதைக்கூடவா பழுதுபார்க்கவில்லை” என்று நீ சிரித்தாய், நானும் சிரித்தேன். 1980 ஆகஸ்ட் 2ஆம் தேதி காலை அந்த நிலையத்தின் காத்திருப்பு அறையில் குண்டு வெடித்து 85 பேர் இறந்த நேரம் அது என்பதும், நினைவுக்காகவே முட்களை அங்கே நிறுத்தி வைத்திருக்கிறார்கள் என்பதும் ஊர் திரும்பிய பிறகே எனக்குத் தெரிந்தன. உன்னிடம் சொல்லலாம் என்றால், அதற்குள் நாம் பேச்சை நிறுத்தியிருந்தோம்.

மழை பிடித்துக்கொண்டபோது குடையில்லாமலே நம்மை நடத்திச் சென்றவை அந்தத் தூண் தாழ்வாரங்கள்தான். பழைய நகருக்குள் மட்டும் அவை ஏறக்குறைய 38 கிலோமீட்டர் நீள்கின்றன. வீட்டின் மேல்தளத்தைத் தெருப்பக்கம் நீட்டித் தூண்களால் தாங்கி, கீழே ஊரார் நடக்க வழி விட்டிருக்கிறார்கள். இடம் வீட்டுக்காரருடையது, நடக்கும் உரிமை எல்லோருடையது. எங்காவது சாரல் அடித்த இடங்களில் என்னை உள்பக்கமாகத் தள்ளிவிட்டு நீ வெளிப்பக்கம் நடந்தாய். பள்ளிக்கூடத்துக்கு அழைத்துச் சென்ற நாட்களிலும் அப்படித்தான் நடப்பாய். இரட்டைக் கோபுரங்களின் அடியில் நின்று, 97 மீட்டர் உயர அசினெல்லியைக் காட்டி அது நீ என்றும், அதன் பாதி உயரத்தில் கூடுதலாகச் சாய்ந்து, விழுந்துவிடுமோ என்ற அச்சத்தில் 2023இல் வேலியடைக்கப்பட்ட கரிசெந்தா நான் என்றும் கேலி செய்தாய். அந்தக் கேலியை நான் ரசித்தேன் என்றா நினைத்தாய்?

சான் பெத்ரோனியோ பேராலயத்தை அடைந்தபோது கதவை மூடிவிட்டார்கள். உள்ளே தரையில் வானியலாளர் காசினி 1655இல் அமைத்த, நண்பகலில் சூரிய ஒளி வந்து விழும் நடுப்பகல் கோட்டினைப் பார்க்க முடியாததில் உனக்கு வருத்தம். எனக்கோ முகப்பே போதுமானதாக இருந்தது. 1390இல் தொடங்கிய கட்டடம். கீழ்ப்பாதிக்குப் பளிங்கு பதித்தவர்கள் மேல்பாதியை வெறும் செங்கல்லாகவே விட்டுவிட்டார்கள். அதையும் ஊர் ஏற்றுக்கொண்டிருக்கிறது.

எதிரே, நகர ஆட்சியாளரின் பழைய இருப்பிடமான பொதெஸ்தா மாளிகையின் அடியில் உள்ள அந்த வளைவு மண்டபத்துக்கு வருகிறேன். ஒரு மூலையில் சுவரைப் பார்த்து முணுமுணுத்தால் அந்த ஒலி கூரை வளைவைப் பற்றிக்கொண்டு எதிர்மூலைக்குப் போய்விடும். நடுவில் நிற்பவர்கள் காதில் எதுவும் விழாது. தொழுநோயாளிகளைத் தள்ளி நிற்கவைத்து அவர்களின் பாவ அறிக்கையைப் பாதிரியார்கள் கேட்க இதைப் பயன்படுத்தினார்கள் என்று ஒரு கதையும் சொல்கிறார்கள். ஒருவருக்கொருவர் முதுகைக் காட்டி நின்றோம். முதலில் நீ என் சிறுவயதுப் பட்டப்பெயரைச் சொன்னாய், நான் சிரித்தேன். பிறகு கொஞ்சநேரம் எதுவும் வரவில்லை. அதன்பின் நீ அம்மாவைப் பற்றி அந்த இரண்டு வாக்கியங்களைச் சொன்னாய். அவை என்ன என்று இங்கே எழுதமாட்டேன். அதைப் பற்றி யாரும் என்னிடமோ உன்னிடமோ கேட்கவேண்டாம்.

நான் சுவரிடம் பதில் சொல்லவில்லை. திரும்பி நின்று, மண்டபத்தின் குறுக்கே உன்னைப் பார்த்து உரக்கச் சொன்னேன். வரிசையில் காத்திருந்தவர்கள் எல்லோரும் நம்மைப் பார்த்தார்கள். உன்னைக் கூனிக்குறுகச் செய்ததற்காக மன்னித்துக்கொள். ஆனால், அக்கா, ஆண்டுக்கணக்காகத் தொலைபேசியில் சொல்லாததை, அம்மாவின் முகத்தைப் பார்த்துச் சொல்லாததை, கூப்பிடு தூரத்தில் இருந்த என் முகத்தைக்கூடப் பார்க்காமல் ஒரு சுவரிடம் சொல்ல உனக்கு எப்படி மனம் வந்தது? வேறு வழியில் உன்னால் சொல்லியிருக்கவே முடியாது என்றும் சில இரவுகளில் தோன்றுகிறது. மறுநாள் காலையில் அப்படித் தோன்றுவதில்லை.

அதற்குப் பிறகும் நீ என்னைச் சாப்பிட அழைத்துச் சென்றாய். இறைச்சிக் குழம்புக்குப் பேர்போன அந்த ஊரில், எனக்காகப் பரிமாறுபவரிடம் இருமுறை விசாரித்து, ரிக்கோட்டா பாலாடைக்கட்டி அடைத்த தொர்தெல்லோனி பாஸ்தாவை வெண்ணெயில் தரச்சொன்னாய். நன்றி சொல்லாமல் சாப்பிட்டேன். இப்போது சொல்கிறேன்.

அந்த இரண்டு வாக்கியங்களை அம்மாவிடம் நான் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். அது உன் வேலை. இனி உன் பதிலுக்காக எதையும் தள்ளிப்போடப் போவதில்லை. கும்பகோணத்து வீட்டை ஐப்பசிக்குள் காலி செய்கிறோம். உன் புத்தகப்பெட்டிகள் இரண்டும் மச்சில் இருக்கின்றன. அனுப்பவேண்டுமா, இங்கே வைத்துக்கொள்ளலாமா என்று எழுது. அம்மாவின் கைபேசி எண் மாறவில்லை. மதியம் தூங்கி எழுந்து, நான்கு மணிக்குமேல் எடுப்பார்.

உன் தங்கை