இரண்டாம் பாகத்துப் பேய்கள்: தம்பிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தம்பிக்கு,

போன வாரம் தொலைபேசியில் பேசியபோது, என்ன பார்த்துக்கொண்டிருக்கிறாய் என்று கேட்டாய். ஒரு பேய்ப்படத்தின் மூன்றாம் பாகம் என்றேன். "இன்னுமா அக்கா அதையெல்லாம் பார்க்கிற? முதல் படம் ஓடினதுக்காகக் காசு பார்க்க எடுக்கிறதுதானே அதெல்லாம்?" என்றாய். நான் பேச்சை மாற்றிவிட்டேன். மாற்றியிருக்கக் கூடாது. அன்றிலிருந்து வேலைக்கு நடுவே, தூங்கப்போகும் முன், உனக்குப் பதில் சொல்லிக்கொண்டே இருக்கிறேன். இதே கேள்வியை வேறு சிலரும் கேட்டிருக்கிறார்கள் என்பதால் எல்லோரும் படிக்கிற இடத்திலேயே எழுதுகிறேன். ஆனாலும் இது உனக்கு எழுதுவதுதான்.

நீ சொன்னதில் உண்மை இருக்கிறது. காசுக்காகத்தான் எடுக்கிறார்கள். சில சமயம் அதைவிட மோசமான காரணத்துக்காகவும் எடுக்கிறார்கள். 2011இல் வந்த 'ஹெல்ரைசர்: ரெவலேஷன்ஸ்', ஒரு பேய்ப்படத் தொடரின் ஒன்பதாம் பாகம். கதையின் உரிமை கைவிட்டுப் போய்விடக் கூடாது என்பதற்காக அவசர அவசரமாக எடுக்கப்பட்ட படம். அதற்கு முன் எட்டுப் படங்களிலும் முகமெல்லாம் ஆணி அறைந்த அந்த உருவமாக வந்த டக் பிராட்லி அதில் நடிக்கவில்லை. நான் அதையும் பார்த்தேன். சொல்ல ஒன்றுமில்லை.

ஆனால் ஒரு படம் எதற்காகத் தொடங்கப்பட்டது என்பதை வைத்து, அது என்னவாக வளர்ந்தது என்று சொல்லிவிட முடியாது. 1942இல் ஆர்.கே.ஓ. என்ற அமெரிக்கப் பட நிறுவனத்துக்காக வால் லூட்டன் சிறிய செலவில் 'கேட் பீப்பிள்' படத்தைத் தயாரித்தார். கோபம் வந்தால் சிறுத்தையாக மாறிவிடுவோம் என்று அஞ்சும் ஐரீனா என்ற பெண்ணின் கதை. பெரும்பாலும் நிழலும் சத்தமும்தான். படம் ஓடியது. உடனே தொடர்ச்சி வேண்டும் என்றது நிறுவனம், தலைப்பையும் அதுவே கொடுத்தது: 'த கர்ஸ் ஆஃப் த கேட் பீப்பிள்'. 1944இல் வெளிவந்த அந்தப் படத்தில் சிறுத்தையாக மாறுகிறவர் யாருமில்லை. ஐரீனாவின் கணவனுக்கு மறுமணம் ஆகி ஒரு பெண்குழந்தை இருக்கிறது. விளையாட ஆள் இல்லாத குழந்தை. இறந்துபோன ஐரீனா வீட்டுத் தோட்டத்தில் அவளுக்குத் தோழியாக வருகிறாள். படப்பிடிப்பு பின்தங்கியதால் முதலில் இயக்கியவரை மாற்றிவிட்டு, படத்தொகுப்பாளர் ராபர்ட் வைஸிடம் கொடுத்தார்கள். அவர் இயக்குநரானது அப்படித்தான்.

முதல் படம் பார்க்காதவர்களுக்கு அந்தத் தோட்டத்தில் வந்து நிற்பவள் ஒரு தேவதை. பார்த்தவர்களுக்கு அப்படியில்லை. அவள் எதற்கு அஞ்சினாள், எப்படிச் செத்தாள் என்று நமக்குத் தெரியும். குழந்தைக்குத் தெரியாது. அவள் குழந்தையின் பக்கத்தில் வரும்போது நமக்கு வருவது பயமா, இரக்கமா என்று எனக்கு இன்றுவரை பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. முதல் படம் மட்டும் இருந்திருந்தால் அந்த உணர்ச்சி உலகத்தில் பிறந்தே இருக்காது, தம்பி.

நான் சொல்ல வந்தது இதுதான். முதல் பாகத்தில் நாம் அந்த வீட்டுக்கு விருந்தாளி. இரண்டாம் பாகத்தில் அங்கே முன்பு குடியிருந்த ஆள். எந்தக் கதவு தானாகத் திறக்கும், எந்தப் படியில் கால் வைக்கக் கூடாது என்று தெரியும். புதிதாகக் குடிவருகிறவர்கள் சிரித்துக்கொண்டே பெட்டிகளை இறக்கும்போது, திரைக்கு வெளியே ஒன்றும் செய்ய முடியாமல் உட்கார்ந்திருக்கிறோம். அந்தக் கணத்தில் பேய்க்கும் நமக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. இருவருமே அந்த வீட்டைவிட்டுப் போக முடியாதவர்கள்.

பணம் குறைவாக இருக்கும்போது இது இன்னும் கூர்மையாகிறது. பணம் இருந்தால் இரண்டாம் பாகத்தில் பேயைப் பெரிதாக்கிவிடுவார்கள். பத்துப் பேய் வரும், ஊரே இடியும். பணம் இல்லாதவர் அதே கூடத்தையும் அதே நாற்காலியையும் வைத்துக்கொண்டு நமக்குத் தெரியாத ஒன்றைக் கண்டுபிடித்தாக வேண்டும்.

'பாரானார்மல் ஆக்டிவிட்டி'யின் முதல் படத்தை ஓரன் பெலி தன் சொந்த வீட்டிலேயே, ஏறத்தாழ 15,000 டாலரில், ஒரு வாரத்தில் எடுத்தார். படுக்கையறை மூலையில் அசையாத கேமரா, தூங்கும் இருவர், திறந்திருக்கும் கதவு. அந்த அசையாத சட்டகத்துக்குள் எது நகர்கிறது என்று தேடித் தேடி நம் கண் பழகிவிட்டது. 2011இல் மூன்றாம் பாகம் எடுத்தவர்களுக்கு அந்தப் பழக்கம் தெரிந்திருந்தது. கதை 1988இல் நடக்கிறது. வீட்டுக்காரர் ஒரு மேசை மின்விசிறியின் தலையைக் கழற்றி, இப்படியும் அப்படியும் திரும்புகிற அதன் அடிப்பாகத்தில் வீடியோ கேமராவைப் பொருத்திவிடுகிறார். கேமரா சமையலறைப் பக்கம் திரும்புகிறது, கூடத்துப் பக்கம் திரும்புகிறது, மறுபடியும் சமையலறை. நம் அவசரம் அதற்குத் தெரியாது. குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள வந்த பெண் மேசையில் உட்கார்ந்திருக்கிறாள். ஒரு சுற்றில் அவள் தனியாக இருக்கிறாள். அடுத்த சுற்றில் அவள் பின்னால் துணி போர்த்திய உருவம், விளையாட்டுக்குப் போர்வையைப் போர்த்திக்கொண்ட குழந்தையின் உயரத்தில் நிற்கிறது. பிறகு துணி பொத்தென்று தரையில் விழுகிறது. உள்ளே யாருமில்லை.

ஒரு மின்விசிறி, ஒரு போர்வை. இந்த ஒரு காட்சிக்காக நான் எத்தனை சுமாரான மூன்றாம் பாகங்களையும் உட்கார்ந்து பார்ப்பேன். முதல் இரண்டு படங்களும் கேமராவை நம்பச் சொல்லித் தந்தன, மூன்றாவது படம் அந்தக் கேமராவையே நம் கண்ணிலிருந்து பாதி நேரம் திருப்பி வைத்துவிட்டது. மூன்றாவது முறை அந்த இருட்டுக்குள் போனவர்களுக்குத்தான் இது தோன்றியிருக்க முடியும்.

'இன்சிடியஸ்' படத்தை நாம் சேர்ந்து பார்த்தோம், நினைவிருக்கிறதா? நடுராத்திரி வாசல் கதவு தட்டப்படுகிறது, பிறகு அலாரம் அலற, கதவு திறந்து கிடக்கிறது. யார் என்று அந்தப் படத்தில் தெரியாது. 2013இல் வந்த இரண்டாம் பாகத்தில் தெரிகிறது: ஆவிகளின் உலகில் மாட்டிக்கொண்ட அதே வீட்டுக்காரன், தன் வீட்டுக்கே திரும்ப வழி தேடி, பழைய இரவு ஒன்றில் வந்து தட்டியிருக்கிறான். முதல் படத்தில் வீட்டுக்குள்ளிருந்து பார்த்து நடுங்கினோம். இப்போது அதே தட்டலை வெளியே நின்று கேட்கிறோம். எடுத்து முடித்து, பார்த்தும் முடித்த ஒரு படத்தின் அர்த்தத்தை இப்படிப் பின்னாலிருந்து மாற்ற வேறு எந்த வகைப் படத்தால் முடியும், சொல்.

எல்லாரும் இப்படி நேர்வழியில் வருவதில்லை. 1998இல் ஜப்பானில் 'ரிங்கு' வெளிவந்த அன்றே அதன் தொடர்ச்சியான 'ராசென்' படமும் வந்தது. அது எடுபடவில்லை. மறு ஆண்டே அதை நடக்காததாக வைத்துக்கொண்டு வேறொரு இரண்டாம் பாகம் எடுத்தார்கள். வேதாளம் மறுபடி முருங்கை மரம் ஏறியதும் விக்கிரமாதித்தன் சலிக்காமல் திரும்பி நடக்கிறானே, அப்படி. எனக்குச் சிறு வயதில் அந்தக் கதையில் பிடித்ததே அந்தத் திரும்பி நடக்கிற இடம்தான். கதைகளெல்லாம் அந்த நடையில்தான் நடக்கின்றன.

உனக்கு முக்கியமாகச் சொல்ல வேண்டியது 'ஃபாண்டஸம்' பற்றி. டான் காஸ்கரெல்லி மிகச் சிறிய முதலீட்டில் எடுத்த முதல் படம் 1979இல் வந்தது. பெற்றோரை இழந்து, அண்ணனும் தன்னை விட்டுப் போய்விடுவானோ என்று அஞ்சும் சிறுவன் மைக், கல்லறைக் கூடத்தில் பிணங்களைத் திருடும் நெடிய மனிதன் ஒருவனைப் பார்த்துவிடுகிறான். ஐந்து படங்கள் வந்தன. கடைசிப் படம் 2016இல். ஏறத்தாழ அதே நடிகர்கள். இரண்டாம் பாகத்தில் மட்டும் மைக்காக வேறொருவர் நடித்தார். மூன்றாவதில் பழைய மைக்கே, அப்போது வளர்ந்துவிட்ட ஏ. மைக்கேல் பால்ட்வின், திரும்பி வந்தார்.

1998இல் நான்காம் பாகம் எடுக்கும்போது கையில் பணம் இல்லை. முதல் படத்துக்காக எடுத்து, பயன்படுத்தாமல் வைத்திருந்த காட்சிகள் இருந்தன. காஸ்கரெல்லி அவற்றை எடுத்துப் புதிய கதைக்குள் வைத்தார். அதனால் ஒரே படத்தில் அந்த முகம் சிறுவனாகவும் பெரியவனாகவும் வருகிறது. ஒப்பனையும் இல்லை, கணினி வேலையும் இல்லை. அந்த இடைவெளியில் கழிந்தது நிஜமான இருபது வருடம். படத்தின் முடிவில் சிறுவன் மைக்கும், அவன் அண்ணனின் நண்பரான ஐஸ்கிரீம்காரர் ரெஜியும் ஐஸ்கிரீம் வண்டியில் இரவில் போகிறார்கள். ஒன்றுமே தொடங்காத காலம். அந்தக் காட்சியில் எந்தப் பேயும் இல்லை. நான் அழுதேன்.

ஐந்தாம் படத்தில் ரெஜி மறதி நோய் கண்டு ஒரு காப்பகத்தில் இருக்கிறார். பேயோடு போரிட்டது நடந்ததா, நோயின் கற்பனையா என்று அவருக்கே தெரியவில்லை. நெடிய மனிதனாக ஐந்து படங்களிலும் வந்த ஆங்கஸ் ஸ்கிரிம், அது வெளிவரும் முன்பே, 2016 ஜனவரியில் காலமானார். சாவு பற்றிய ஒரு சிறுவனின் பயத்தில் தொடங்கிய கதை, அதில் நடித்தவர்கள் கண்முன்னே முதுமையடைந்து முடிகிறது. இது யாரும் முன்கூட்டித் திட்டமிட்டது அல்ல. விடாமல் திரும்பி வந்ததால் கிடைத்தது.

இன்னொன்று. நமக்கு முதன்முதலில் கிடைத்த பேய்ப்படத் தட்டு இரண்டாம் பாகம். முதல் பாகம் கிடைக்கவே இல்லை. அதில் ஒரு பெண் மாடிப்படியைப் பார்த்ததும் காரணமே சொல்லாமல் அழுவாள். "அவ ஏன் அழறா அக்கா? முன்னாடி என்ன ஆச்சு?" என்று நீ கேட்டாய். அன்றிரவு போர்வைக்குள் நான் ஒரு முதல் பாகத்தைச் சொன்னேன். மறுநாள் வேறொன்று. நீ ஒவ்வொரு இரவும் கேட்டாய், நானும் ஒவ்வொரு இரவும் மாற்றிச் சொன்னேன். பல வருடம் கழித்து உண்மையான முதல் பாகத்தைப் பார்த்தேன். மாடிப்படியில் நடந்தது சாதாரணமான விஷயம். நான் சொன்ன எதிலும் கால்வாசி கூட இல்லை. உன்னிடம் இதுவரை சொல்லவில்லை.

விடுமுறைக்கு வரும்போது 'ஃபாண்டஸம்' நான்காம் பாகத்தை எடுத்து வைக்கிறேன். முந்தைய மூன்றையும் நீ பார்க்க வேண்டாம். விளக்கை அணைத்துவிட்டு நானே சொல்கிறேன்.

அன்புடன்,
அக்கா