டன்னல் விழுந்த இரவுகளில் எங்கள் உறுப்பினர் விவரங்கள் திறந்த வழியில் போனது குறித்துப் புகார்

அனுப்புநர்:
செயல் இயக்குநர்,
உழவர் உற்பத்தியாளர் நிறுவனம்,
மன்னார்குடி வட்டம், திருவாரூர் மாவட்டம்.

பெறுநர்:
பொது மேலாளர் (வாடிக்கையாளர் சேவை),
கிளவுட் சேவை நிறுவனம், சென்னை.

பொருள்: எங்கள் சர்வரிலிருந்து பப்ளிக் கிளவுடுக்கு (இணையம் வழியாக வாடகைக்குக் கிடைக்கும் வெளிக் கணினிகளுக்கு)ப் போகும் தரவு பாதுகாப்பின்றி அனுப்பப்பட்டது – தொடர்பாக.

ஐயா,

வணக்கம். இது நான் எழுதும் மூன்றாவது கடிதம். முதல் இரண்டுக்கும் டிக்கெட் எண் கொடுத்து, இரண்டே நாளில் ‘தீர்க்கப்பட்டது’ என்று மூடிவிட்டீர்கள். எது தீர்ந்தது என்று எங்களுக்குத் தெரியவில்லை. அதனால் இந்த முறை முதலிலிருந்து எழுதுகிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்களிடம் 1,312 விவசாயிகள் உறுப்பினர்கள். அவர்களுடைய ஆதார் நகல், சிட்டா, அடங்கல், வங்கிக் கணக்கு எண் எல்லாம் குடோனுக்குப் பின்னறையில் எங்கள் சொந்த சர்வரில் இருக்கின்றன. நீங்கள் அதைப் பிரைவேட் கிளவுட் என்பீர்கள். எங்கள் ஆட்களுக்கு அது ஏசி ரூம். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது ஓடு பறந்து, பழைய கம்ப்யூட்டரும் அதிலிருந்த மூன்று வருடக் கணக்கும் தண்ணீரோடு போயின. அந்தச் சூடு பட்டதால்தான் ஒரு நகல் வெளியூரில் இருக்கட்டும் என்று உங்களிடம் வந்தோம். தினமும் இரவு 11 மணிக்கு நகல் மும்பையில் உள்ள பப்ளிக் கிளவுடுக்குப் போகும், வழி முழுக்க ஐபிசெக் வி.பி.என். டன்னலுக்குள், அதாவது இணையத்துக்குள் மூடிய தனிக் குழாய் போன்ற வழிக்குள் இருக்கும், நடுவில் யாரும் படிக்க முடியாது என்று உங்கள் ஆள் எங்கள் இயக்குநர் கூட்டத்தில் படம் வரைந்து காட்டினார். அந்தப் படம் இன்னும் எங்கள் சுவரில் ஒட்டியிருக்கிறது.

இந்தக் குறுவை அறுவடை சமயத்தில் எங்கள் தெருவில் ராத்திரி கரண்ட் சரியாக இருந்த நாள் குறைவு. கரண்ட் போய் வந்தால் மோடத்துக்குப் புது ஐ.பி. முகவரி (இணையத்தில் அதன் விலாச எண்) கிடைக்கிறது. மும்பை முனையோ பழைய முகவரியையே எதிர்பார்த்து நிற்கிறது. டன்னல் எழும்புவதில்லை. இப்படி நடக்கக் கூடாது என்றுதானே நிலையான ஐ.பி. என்று மாதம் 450 ரூபாய், பதினான்கு மாதமாக எங்களிடம் வாங்குகிறீர்கள்? இணைப்பு கொடுத்தவர்களைக் கேட்டால், எங்கள் லைனுக்கு அப்படியொரு முகவரி வாங்கப்படவே இல்லை என்கிறார்கள்.

சரி, டன்னல் விழட்டும். வாய்க்கால் என்றால் கரை உடையத்தான் செய்யும், அதற்காக நான் கடிதம் எழுத மாட்டேன். டன்னல் விழுந்த மறுநாள் காலையிலும் ‘பேக்கப் வெற்றி’ என்று உங்களிடமிருந்து எஸ்.எம்.எஸ். வந்ததே, அதுதான் இடித்தது. எங்கள் கணக்குப் பிரிவுப் பெண்தான் முதலில் கேட்டது: “ரூட்டரில் சிவப்பு விளக்கு எரியுது, அப்புறம் எந்த வழியா சார் போச்சு?”

அந்தப் பெண்ணே நகலை அனுப்பும் உங்கள் ஸ்கிரிப்டை (கட்டளைக் கோப்பை)த் திறந்து பார்த்தது. டன்னல் 30 விநாடிக்குள் கிடைக்காவிட்டால், மும்பையில் இருக்கும் மெஷினின் பொது முகவரிக்கு எஃப்.டி.பி. மூலம் நேராக அனுப்பு என்று எழுதியிருக்கிறது. எஃப்.டி.பி. என்பது கோப்பு அனுப்பும் பழைய முறை, 1971-இல் வந்தது. அதில் கடவுச்சொல் உட்பட எதுவும் மறைவதில்லை. லைனில் போகும் தரவைப் பிடித்துக் காட்டும் வயர்ஷார்க் என்ற மென்பொருளைப் போட்டு ஒரு இரவு பிடித்துப் பார்த்தோம். யூசர் பெயர் வந்தது, பாஸ்வேர்டு வந்தது, பிறகு உறுப்பினர் பட்டியல் வரிவரியாக ஓடியது. மூன்றாவது வரியில் என் பெயர், என் அப்பா பெயர், என் வங்கிக் கணக்கு எண். கண்ணாடி போடாமலே படிக்க முடிந்தது. லாக்கை (கணினி எழுதி வைக்கும் பதிவை) எண்ணினால் இப்படிப் போன இரவுகள் பதினேழு.

முதல் கடிதத்துக்கு உங்கள் பதில்: பப்ளிக் கிளவுடில் தரவு ஏ.இ.எஸ்.-256 முறையில் குறியாக்கம் செய்துதான் (சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி மாற்றித்தான்) வைக்கப்பட்டிருக்கிறது, கவலை வேண்டாம். நான் கேட்டது வழியைப் பற்றி. குதிருக்குப் பூட்டுப் போட்டிருக்கிறோம் என்று பதில் வருகிறது. இரண்டாவது கடிதத்துக்குப் பிறகு, போகும் வழியில் தரவை மறைக்கும் டி.எல்.எஸ். சேர்த்துவிட்டோம் என்றீர்கள். சேர்த்தது 1999-இல் வந்த டி.எல்.எஸ். 1.0, 2021 மார்ச்சிலேயே இணையத் தரம் வகுப்பவர்கள் அதைக் கைவிடச் சொல்லிவிட்டார்கள், 2018 முதல் 1.3 இருக்கிறது. போதாததற்குச் சான்றிதழ் சரிபார்ப்பையும் அணைத்து வைத்திருக்கிறீர்கள். எதிர்முனையில் நிற்பது மும்பை மெஷின்தானா, நடுவில் நுழைந்த வேறு ஆளா என்று பார்க்காமலே மூட்டையை இறக்கிக் கொடுப்பது எந்த ஊர் வழக்கம்?

மழை வருகிற மாதிரி இருந்து தார்ப்பாய் இல்லையென்றால் எங்கள் ஊரில் நெல் லாரி கிளம்பாது. லோடு ஒரு நாள் தாமதமாகும், யாரும் சண்டைக்கு வர மாட்டார்கள். எங்களுக்கு வேண்டியதும் அதுதான். டன்னல் இல்லாவிட்டால் நகல் போகக் கூடாது. ஏசி ரூமிலேயே நிற்கட்டும், ‘போகவில்லை’ என்று எஸ்.எம்.எஸ். வரட்டும். கூடவே, இங்கிருந்து கிளம்பும் முன்பே கோப்பு குறியாக்கமாக வேண்டும், அதன் சாவி எங்களிடம் இருக்க வேண்டும். போய்ச் சேர்ந்ததும், கோப்பின் கைரேகை போன்ற எஸ்.எச்.ஏ.-256 மதிப்பை இரண்டு முனையிலும் ஒப்பிட்ட பிறகே ‘வெற்றி’ என்று சொல்லுங்கள்.

அந்தப் பதினேழு இரவுகளில் மும்பை மெஷினுக்குள் யார் யார் நுழைந்தார்கள் என்ற லாக் எங்களுக்கு வேண்டும். மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரலில் போட்ட உத்தரவுப்படி 180 நாள் லாக் உங்களிடம் இருந்தாக வேண்டும்; அதனால் ‘அழிந்துவிட்டது’ என்ற பதிலை எதிர்பார்க்கவில்லை. வேறு யாரேனும் நுழைந்தது தெரிந்தால் ஆறு மணி நேரத்தில் செர்ட்-இன்னுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பதும் அதே உத்தரவுதான். 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், வேலையை யாரிடம் ஒப்படைத்தாலும் உறுப்பினர்களுக்குப் பதில் சொல்லும் பொறுப்பை எங்கள் தலையில்தான் வைக்கிறது. நாளைக்கு ஒருவர் கணக்கில் பணம் போனால் அவர் சென்னைக்கு வர மாட்டார், என் வீட்டுத் திண்ணைக்குத்தான் வருவார்.

வாங்காத ஐ.பி. முகவரிக்கு வசூலித்த 6,300 ரூபாயைத் திருப்பித் தாருங்கள். எஃப்.டி.பி. பாஸ்வேர்டை நாங்களே மாற்றிவிட்டோம். வரும் வெள்ளிக்கிழமை இயக்குநர் கூட்டம். அதற்குள் பதில் எழுத்தில் வர வேண்டும், டிக்கெட் எண் வேண்டாம்.

அதுவரை இரவு 11 மணி வேலையை நிறுத்தி வைத்திருக்கிறோம். குறியாக்கம் செய்த ஹார்டு டிஸ்க் ஒன்றைத் தினமும் காலை ஏழரை பஸ்ஸில் எங்கள் ஆள் கும்பகோணத்துக்கு எடுத்துப் போகிறார்.

இப்படிக்கு,
செயல் இயக்குநர்

இணைப்பு: ஸ்கிரிப்ட் நகல், வயர்ஷார்க் பதிவு (கணக்கு எண்களை மறைத்திருக்கிறோம்), பதினான்கு மாத பில்கள்.